குறை பிறந்த இடத்தைக் காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே, ஆசான்களே,

வணக்கம்.

சேகரிப்புப் பொம்மைகளின் தலைக்கு வண்ணம் தீட்டுவது, திரைக்கதை எழுதுவது இரண்டையும் பழகிவரும் எங்கள் சிறு குழு, கைகொடுத்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறது. 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நீங்கள் ஒவ்வொரு முறையும் குறை தெரியும் இடத்தைக் காட்டினீர்கள். கூடவே அது பிறந்த இடம் வேறு என்பதையும் காட்டினீர்கள். மூக்கு நுனியில் வண்ணம் உரிவதற்குக் காரணம் சரியாகக் கழுவாத ரெசின் (தலையை வார்க்கும் செயற்கைப் பிசின்). கதையின் முடிவு தொய்ந்து விழுவதற்குக் காரணம், பத்தாம் பக்கத்துக்குள் நாயகனுக்கு ஒரு தேவை பிறக்காதது. இந்தப் பார்வையைக் கொடுத்ததற்கே முதல் நன்றி. பெற்றதையெல்லாம் விவரத்தோடு எழுதுகிறோம். புதிதாக வருபவர்களுக்கும் பயன்படட்டும்.

வார்ப்பு வேலை தெரிந்தவர்களிடமிருந்து தொடங்குகிறோம். மனிதத் தலையில் ஆறில் ஒரு பங்கு அளவுத் தலை, தாடையிலிருந்து உச்சிவரை 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்காகத் தெளித்த திரவம் ரெசினின்மேல் மெல்லிய படலமாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் காது மடிப்பு, மூக்குத் துளை, உதட்டுக் கோடு எல்லாவற்றையும் தேய்த்து அலசி, ஒரு நாள் முழுக்க உலரவிடச் சொன்னீர்கள். கொதிநீர் பட்டால் மெல்லிய பகுதிகள் வளைந்துவிடும் என்றும் எச்சரித்தீர்கள். காதுக்குப் பின்னால் ஓடும் அச்சுக் கோட்டை 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் நீர் தொட்டே தேய்க்க வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்துத் தேய்த்தாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது. இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் வேறு எதைக் கற்றும் பயனில்லை.

மென்மையான வினைல் தலைக்குக் கணக்கே வேறு என்று பிரித்துக் காட்டியவர்களுக்கும் நன்றி. வினைலை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். அதன்மேல் எனாமல் வண்ணமோ கரைப்பான் கலந்த ஸ்ப்ரே ப்ரைமரோ (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) பட்டால் உலராமல் பிசுபிசுத்தே கிடக்கக்கூடும். வினைலுக்கு நீரில் கரையும் அக்ரிலிக்கே நல்லது.

ப்ரைமரை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிநின்று, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். அருகில் பிடித்தால் இமை மடிப்பும் உதட்டுச் சுருக்கமும் அடைபட்டுப்போகும். வெகுதூரத்தில் பிடித்தால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, கன்னம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பு ப்ரைமரில் லேசாகத்தான் தெரியும். பத்துப் பூச்சுக்குப் பிறகு கன்னத்தில் சிவப்பு ஏற்றும்போதுதான் திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

தோலைப் பற்றி நீங்கள் கற்றுக்கொடுத்தது நிறைய. ஒரே நிறத்தைப் பூசினால் அது பிளாஸ்டிக்காகவே இருக்கும். முதலில் மங்கலான சிவப்பும் நீலமும் கொஞ்சம் மஞ்சளும் ஒழுங்கில்லாமல் புள்ளி புள்ளியாக, பஞ்சால் ஒற்றியோ, காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் நெளித்தோ போடவேண்டும். அதன்மேல் தோல் நிறத்தை ஒளி ஊடுருவும் அளவுக்குக் கரைத்து, அடுக்கடுக்காக ஏற்றவேண்டும். ஒரு பங்கு வண்ணத்துக்கு நாலைந்து பங்கு கிளேஸ் மீடியம் (வண்ணத்தை ஒளி ஊடுருவச் செய்யும் திரவம்) சேர்க்கலாம். வெறும் நீரை மட்டும் அள்ளிவிட்டால் வண்ணத்தைப் பிணைக்கும் பசை நீர்த்து, உலரும்போது ஓரத்தில் கறை வளையம் விழும். அடியடுக்கு அரைகுறையாக உலர்ந்திருக்கும்போது அடுத்ததைத் தொட்டால் தூரிகை கீழே இருப்பதையும் சேர்த்துக் கிளப்பிவிடும். ஏர்பிரஷ் என்றால் 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் முனை, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். வண்ணம் சிலந்திக்கால்போல் பரவி ஓடினால் அது மிகவும் நீர்த்திருக்கிறது, அல்லது காற்று அதிகம், அல்லது முனை மிக அருகில் இருக்கிறது.

நெற்றியில் சற்று மஞ்சள், கன்னம் மூக்கு காது மூன்றிலும் சிவப்பு, மழித்த ஆணின் தாடையில் நீலச் சாம்பல் என்று முகத்தை மூன்று பட்டையாகப் பார்க்கப் பழக்கினீர்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் முகம் அழுக்கேறியதுபோல் ஆகும். செம்பழுப்போடு துளி ஊதா போதும். மேடான இடங்களை வெளிச்சமாக்க வெள்ளையைச் சேர்த்தால் மாவு பூசியதுபோல் வெளுக்கும். அங்கே வெளிர்மஞ்சள் கலந்த தோல் நிறமே சரி. கருமையான தோலுக்கும் இதே முறைதான், ஆனால் மெருகு காட்டும் இடங்களில் செம்மையும் நீலமும் இன்னும் துணிந்து ஏறலாம் என்று எடுத்துச் சொன்னவர்களுக்குத் தனி வணக்கம். பல வழிகாட்டிகள் வெளிர்த்தோலோடு நின்றுவிடுகின்றன, நீங்கள் நிற்கவில்லை.

இனி கண். இதற்காகவே ஒரு மடல் தனியாக எழுதலாம். மனிதக் கருவிழியின் விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கில் அது வெறும் 2 மில்லிமீட்டர். இதற்கு மயிரிழைத் தூரிகை வாங்க ஓடாதே, 0 அல்லது 1 எண்ணில் நுனி கூர்மையான நல்ல தூரிகை எடு என்றீர்கள். மிக மெல்லிய தூரிகையில் வண்ணம் நிற்காது, கண்ணைத் தொடுவதற்குள் நுனியிலேயே உலர்ந்துவிடும். உலர்தலைத் தாமதப்படுத்தும் திரவத்தில் ஒரு துளி சேர்த்தால் கைக்கு அவகாசம் கிடைக்கும்.

கண்ணைத் தொடங்குமுன் முகத்துக்கு ஒரு வார்னிஷ் பூச்சு கொடுத்து உலரவிடச் சொன்னது பொன்னான யோசனை. கோடு தவறினால் உடனே ஈரத் தூரிகையால் துடைக்கலாம். கீழே உள்ள தோலுக்கு ஒன்றும் ஆகாது. வெண்விழிக்குத் தூய வெள்ளை வேண்டாம். துளி தோல் நிறமும் துளி சாம்பலும் கலந்த வெள்ளை. மூக்கோரக் கண்மூலையில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி. பிறகு ஒரு கண்ணை முடித்துவிட்டு மறுகண்ணுக்குப் போகாமல், இரண்டு கருவிழிகளின் இடத்தையும் நீர்த்த பழுப்பால் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். போனில் படமெடுத்து இடவலம் மாற்றியும் தலைகீழாகவும் பார்த்தால் மாறுகண் உடனே தெரியும். மேலிமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சம் மறைக்க வேண்டும், கீழிமை அதன் அடியைத் தொட வேண்டும். சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் பொம்மை திடுக்கிட்டு நிற்கும். வெளிச்சம் மேலிருந்து விழுவதால் கருவிழியின் கீழ்ப்பாதி ஒரு படி வெளிறி இருக்கும். ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே பக்கம், ஒரே உயரம். மேலிமைக் கோட்டுக்கு அடர்பழுப்பு. கீழே அதைவிட மெலிந்து, வெளியோரத்தில் பாதிவரை மட்டும்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் குப்பியை நன்றாகக் குலுக்காமல் அடித்தால், மெருகைக் குறைக்கும் தூள் அடியில் தங்கி எங்கோ பளபளக்கும், எங்கோ வெண்மையாகப் பூக்கும். ஈரக் காற்று அடிக்கும் நாளிலும் அந்த வெண்பூச்சு வரும். வண்ணம் முடிந்து ஒரு நாள் கழித்து, கழிவுத் துண்டில் சோதித்த பிறகே தலையில். கண்ணுக்குப் பளபளப்புத் தரும் வார்னிஷ் எப்போதும் கடைசி. முந்தினால் மேட் அதைக் குருடாக்கிவிடும்.

இரண்டு கலைகளும் கைகோத்தது உங்களில் ஒருவர் கேட்ட கேள்வியால்தான்: "இது எந்தக் காட்சியில் இருக்கும் முகம்?" ஒரு கதாபாத்திரத்தின் முகம் முதல் காட்சியிலும் உச்சக்காட்சியிலும் ஒன்றாக இராது. எந்தக் கணம் என்று தீர்மானிக்காமல் பத்துப் படங்களைப் பார்த்துத் தீட்டினால், புருவம் ஒரு மனநிலையிலும் உதடு வேறொரு மனநிலையிலும் நிற்கும். இன்னொன்றும் சொன்னீர்கள்: திரைப்படத்தின் படச்சட்டத்திலிருந்து (ஃபிரேம்) தோல் நிறத்தை எடுக்காதே. அந்த நிறம் ஒளிப்பதிவிலும், படமெடுத்தபின் நிறத்தை மாற்றும் கலர் கிரேடிங்கிலும் நீலமாகவோ மஞ்சளாகவோ திரிக்கப்பட்டது. நீலச் சாயல் கொண்ட சட்டத்தை அப்படியே தோலில் இறக்கினால் முகத்தில் உயிர் இராது. உணர்ச்சியைப் படச்சட்டத்திலிருந்தும் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படத்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

அதே கேள்வியைத் திரைக்கதைப் பக்கத்தில் வைத்தபோது எழுத்தும் திருந்தியது. 'அவன் மனம் உடைந்துபோனான்' என்ற வரியைக் கேமரா படம்பிடிக்க முடியாது. அவன் கை என்ன செய்கிறது, எதைப் பார்க்காமல் தவிர்க்கிறான் என்று எழுதினால் நடிகருக்கும் வேலை இருக்கும், ஒளிப்பதிவாளருக்கும் வேலை இருக்கும். காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா. அதன்கீழ் நிகழ்காலத்தில், பார்க்கவும் கேட்கவும் முடிந்தது மட்டும். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத்தில் 12 புள்ளி கூரியர் எழுத்துருவுக்குப் பிறந்த தோராயக் கணக்கு. தமிழ் எழுத்துருவுக்கும் நம் சொல் நீளத்துக்கும் அது அப்படியே ஒத்துவராது. வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் அளப்பதுதான் வழி என்று திருத்தியவர்களுக்கு நன்றி.

கதையை ஓரிரு வரியில் சொல்லும் ஒன்லைனை எழுதிய கையோடு வசனத்துக்குத் தாவாமல், காட்சிக்கு ஓர் அட்டை வீதம் சீன் ஆர்டர் போடவைத்தீர்கள். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டே கேள்வி: இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், முடிவில் எது மாறியது? எதுவும் மாறாத அட்டை போய்விடலாம். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் 'ஆகவே' அல்லது 'ஆனால்' வந்தால் கதை நகர்கிறது. 'அப்புறம்' மட்டும் வந்தால் சம்பவங்கள் வரிசையில் நிற்கின்றன, அவ்வளவுதான். வசனத்தில் முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மறைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னதும் உங்களில் ஒருவர்தான். வணக்கம் சொல்லி நாற்காலி இழுத்து உட்காரும் வரிகள் அதில் உதிர்ந்துவிடும்.

குரல் கொடுத்துப் படித்தவர்களை மறக்க முடியாது. எழுதியவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு படித்தீர்கள். நாக்கு எங்கே இடறியது, எங்கே கவனம் கலைந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்பவற்றை மட்டும் குறித்துக் கொடுத்தீர்கள். அந்தக் குறிப்புகளின் மதிப்பு எழுதுகிறவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். வாசகர் சொல்லும் தீர்வு பொருந்தாமல் போகலாம். அவர் சலித்த இடம் பொய்யாகாது. உச்சக்காட்சி 'திடீரென்று வருகிறது' என்றால் அதில் கைவைக்குமுன், அதற்கான விதை முதல் இருபது பக்கத்தில் இருக்கிறதா என்று தேடவேண்டும்.

கடைசியாக, காற்றுக்குமிழ் விழுந்த வார்ப்புத் தலைகளைக் குப்பையில் போடாமல் பயிற்சிக்கென்று கொடுத்தவர்களுக்கு. சிறு குமிழைச் சூப்பர் குளூவாலும் பெரிய குழியை எபாக்சி புட்டியாலும் அடைத்து, சமமாகத் தேய்த்து, அவற்றின்மேல்தான் கண் பழகுகிறோம். தேவையில்லாத வார்ப்பு யாரிடமாவது இன்னும் இருந்தால், கழுவாமலே கொடுங்கள். கழுவுவதிலிருந்து தொடங்குகிறோம்.

அன்போடும் நன்றியோடும்,
தலை தீட்டியும் திரைக்கதை எழுதியும் பழகும் உங்கள் நண்பர்கள்