கொழுப்பு மாத்திரையும் அப்பாவின் மறதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈரோடு மஞ்சள் மண்டியில் நாற்பது வருசக் கணக்கை மனசிலேயே வைத்திருந்த எங்கள் அப்பா, கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின் ஆரம்பித்த இரண்டே மாதத்தில், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேரையே யோசித்துத்தான் சொன்னார். வயசானா அப்படித்தானுங்க என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-லேயே, அடோர்வாஸ்டாடின் மாதிரி கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாடின் மருந்துகளின் விவரத்தாளில் மறதி, குழப்பம் பற்றிச் சேர்க்க வைத்துவிட்டது. அரிதாக வரும், நிறுத்தினால் சரியாகிவிடும் என்றுதான் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 70 வயது தாண்டியவர்களுக்கு பிராவாஸ்டாடின் என்ற இன்னொரு ஸ்டாடினைக் கொடுத்துப் பார்த்த பிராஸ்பர் ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் மாத்திரைதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தைராய்டு கோளாறு, பி12 குறைவு இருந்தாலும் மறதி வரும்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உயிர் காக்கிற மருந்து. எங்கள் டாக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாடினுக்கு மாற்றினார். ஒரு மாதத்தில் அப்பா பழைய பாக்கியெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார். மருந்துச் சீட்டு எழுதும்போதே இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்