சேமலாப நிதி முகாமையாளர்கள் எழுதித் தரட்டும்

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் தனியார் நிறுவனமொன்றில் 26 வருடமாக வேலை செய்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் கழியும், முதலாளி 12 வீதம் போடுவார். ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றுகளை மனைவி ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். எங்கள் முதுமைக்கு இருப்பது அந்தத் தகரம்தான்.

இந்த நிதியை முதலீடு செய்வது மத்திய வங்கி. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று நிதியின் திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை, நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். பணத்துக்குச் சொந்தக்காரர்களான எங்களிடம் வாக்கெடுப்பு ஏதும் நடக்கவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

அமெரிக்காவில் தனியார் துறை ஓய்வூதியத் திட்டங்களுக்கு 1974 இலேயே எரிசா என்ற சட்டம் வந்துவிட்டது. அதன்படி, முதலீட்டு முகாமையாளராக வருபவர் திட்டத்துக்குத் தான் நம்பிக்கைப் பொறுப்பாளர், அதாவது உறுப்பினர்களின் நலனுக்காகவே செயற்படக் கடமைப்பட்டவர், என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடமை தவறி நட்டம் வந்தால் அவரே ஈடு செய்ய வேண்டும்.

சரி, அதே சட்டத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அந்த எழுத்துமூல உறுதியும் தனிப்பட்ட பொறுப்பும் இங்கேயும் சட்டமாக வேண்டும். அப்புறம், எந்த முறியை என்ன விலைக்கு வாங்கினார்கள், யார் தீர்மானித்தது என்ற விவரத்தைக் கணக்குக் கூற்றோடு தமிழில் எங்களுக்கு அனுப்பவேண்டும்.

ஓர் ஊழியர்,
உவர்மலை, திருகோணமலை.