கடல் தள்ளிப்போன ஊர்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு வலி குறைந்ததா? மாடிப்படி இல்லாத வீடாகப் பார் என்று போன வருடமே சொன்னேன், கேட்டால்தானே. பேத்தி எழுந்து நடக்கிறாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன்.

நான் போன வாரம் சிலியின் தலைநகர் சான்டியாகோவிலிருந்து வடக்கே ஒரு சோலார் நிலைய வேலையாகப் போயிருந்தேன். திரும்பும் வழியில் சன்யரால் என்ற துறைமுக ஊரில் இரண்டு நாள் தங்கினேன். அடகாமா பாலைவனம் நேராகக் கடலில் போய் முடிகிற இடம். 12,000 பேர் இருந்தால் அதிகம். மலையில் புல் பூண்டு கிடையாது. காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும், மழை மட்டும் வராது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். அப்பா, என்ன அகலம்! செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீரைத் தொடவே கால்மணி நேரம் ஆனது. ஒரு குழந்தை விளையாடவில்லை, ஒரு படகு இல்லை. கூட்டமில்லாத கடற்கரை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன், மடையன். திரும்பி வந்ததும் தங்கியிருந்த வீட்டு அம்மாள் என் காலைப் பார்த்துவிட்டுக் குழாயைக் காட்டினார். "முதலில் கழுவுங்கள். அது மணல் இல்லை, சுரங்கக் கழிவு."

அப்புறம் ராத்திரி வரை அதே பேச்சுதான். மலைமேலே பொத்ரெரியோஸ் என்ற இடத்தில் 1920களில் அமெரிக்காவின் அனகோண்டா கம்பெனியார் தாமிரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அது தீர்ந்ததும் 1959இல் பக்கத்திலேயே எல் சல்வடோர் சுரங்கம். தாமிரம் கட்டி கட்டியாகக் கிடைப்பதில்லை மாப்ள. 100 கிலோ பாறையில் ஒரு கிலோ தேறினாலே பெரிய விஷயம். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரும் ரசாயனமும் விட்டு நுரைக்க வைப்பார்கள். நுரையோடு தாமிரம் மேலே வரும், மிச்சமெல்லாம் சேறு. 1938இலிருந்து அந்தச் சேறு சலாடோ ஆற்று வழியாக இந்த விரிகுடாவில் வந்து கொட்டியது. ஆர்செனிக் என்ற நஞ்சும் சேர்த்துத்தான். பல கோடி டன். கரை சுமார் ஒரு கிலோமீட்டர் முன்னேறிவிட்டது. நான் கால்மணி நேரம் நடந்தது பழைய கடலின் மேலே!

1971இல் அப்போதைய அதிபர் அயெந்தே சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார். சேறு அரசாங்கச் சேறாக வந்தது, அவ்வளவுதான். 1970களின் நடுவில் வாய்க்காலைக் கொஞ்சம் வடக்கே திருப்பினார்கள். அங்கேயும் கடல்தானே? கடைசியில் ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், அதுவும் சர்வாதிகாரி பினோசே ஆட்சியில். 1988இல் கோப்பியாப்போ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1990இல் கடலில் விடுவது நின்றது. தாமிரம் என்றதும் 2018 மே மாதம் ஞாபகத்துக்கு வருகிற தூத்துக்குடிக்காரன் நான், எப்படிக் கேட்டிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2003இல் அதிபர் ரிக்கார்டோ லாகோஸ் வந்து, கடல் சுத்தமாகிவிட்டது என்று காட்ட இங்கே இறங்கி நீந்தினாராம். இதைச் சொல்லும்போது அம்மாள் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் அவர் மகனுக்கும் சுரங்கத்தில்தான் வேலை. மாடி அறை கட்டியது அந்தச் சம்பளத்தில். 2015 மார்ச்சில் மலையில் மழை கொட்டி, சலாடோ ஆறு ஊரை நடுவில் கிழித்துக்கொண்டு கடலுக்குப் போனபோது குடும்பமே அந்த மாடியில்தான் உட்கார்ந்திருந்ததாம்.

சாப்பாட்டுக்கு வறுத்த மீன் வைத்தார். எங்கே பிடித்தது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவரே முந்திக்கொண்டார்: "பயப்படாதீர்கள், தெற்கே கல்தேராவில் வாங்கியது." துறைமுக ஊரில் உட்கார்ந்துகொண்டு அடுத்த துறைமுகத்து மீன்!

மறுநாள் வடக்கே பான் தே அசுகார் தேசியப் பூங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு தீவில் பெங்குவின் இருக்கிறது. பாலைவனத்தில் பெங்குவின் என்றால் நீயே நம்பமாட்டாய், படகிலிருந்து எடுத்த படம் இதோடு வைத்திருக்கிறேன். கொஞ்சம் ஆடியிருக்கும். பேத்தியிடம் காட்டு, கிழித்தாலும் பரவாயில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

உன்,
கடைசி பெஞ்சு