முதல் சம்மர் டூருக்கு கிளம்புற என் தம்பிக்கு

டேய் தம்பி,

டூர் போஸ்டர் பாத்தேன். உங்க பேண்டு பேரு கீழ, பொடி எழுத்துல இருந்துச்சு, ஃபோன்ல ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்துட்டே இருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு. தலகாணிய அடிச்சு பிராக்டீஸ் பண்ண பையன் இப்ப ஊர் ஊரா போய் ட்ரம்ஸ் வாசிக்கப் போறான். ஃபோன்ல சொன்னா "சரிக்கா சரிக்கா"ன்னு வெச்சிருவ, அதான் உக்காந்து எழுதுறேன், உன்ன மாதிரி கிளம்புற மத்த புள்ளைங்களும் படிக்கட்டும்.

சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காது.

நான் பேஸ் கிட்டார் வாசிச்ச காலத்துல ட்ரம்ஸோட க்ராஷ் சிம்பலுக்கு, அதான் அந்த பித்தளைத் தட்டுக்கு, பக்கத்துலயே நிப்பேன், இடது காது அந்தப் பக்கம். ஷோ முடிஞ்சா ஙொய்னு ஒரு சத்தம், பஞ்சு அடச்ச மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும். சரியாயிடுதேன்னு விட்டேன், ஒரு சம்மர்ல அது போகவே இல்ல. ஆடியோகிராம், அதான் காது கேக்குற டெஸ்ட், எடுத்தப்ப 4 கிலோஹெர்ட்ஸ்ங்குற கீச்சு சத்தம் கிட்ட கோடு பள்ளத்துல விழுந்த மாதிரி எறங்கி இருந்துச்சு, சத்தத்தால அடிபட்ட காதுக்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம்னாங்க. உள்காதுல சத்தத்த வாங்குற செல்லு ஒரு காதுக்கு சுமார் 15,000 தான்டா, செத்தா மறுபடி மொளைக்காது. டிவிய ஏன்க்கா இவ்ளோ சத்தமா வெக்கிறன்னு கேப்பியே, இதுக்குத்தான். உன்கிட்ட இத்தன நாள் சொல்லல.

நையோஷ்னு ஒரு அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிறுவனம், வேல செய்யுற எடத்துல சத்தம் எவ்ளோ இருக்கலாம்னு கணக்கு சொல்லும். 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியா கொறையும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, அப்படியே போனா 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். ட்ரம்ஸ்க்கு பின்னாடி உக்காந்தவனுக்கு 100 எல்லாம் சாதாரணம்னு உனக்கே தெரியும். ஆனா சம்மர் ஃபெஸ்டிவல்ல உன்ன கவுக்கப் போறது நீ வாசிக்கிற நேரம் மட்டும் இல்ல, அது முடிஞ்சதுக்கு அப்புறம் இருக்குற அஞ்சாறு மணி நேரம். சின்ன வயசுல இருந்து கேட்ட பேண்டு எல்லாம் அதே மேடையில வாசிக்கும், கையில பாஸ் இருக்கும், சைடு ஸ்டேஜ்ல மேடையில இருக்குறவங்களுக்குன்னு ஓரத்துல வெச்ச சைடு ஃபில் ஸ்பீக்கருக்கு முன்னாடியே போய் நிப்ப, காதுல அடைக்கிற ப்ளக்க பைக்குள்ள வெச்சிட்டு. நான் அப்படித்தான் நின்னேன்.

அப்புறம் திறந்தவெளி மேடையில செவுரு கிடையாது, சத்தம் திரும்பி வராம காத்தோட போயிடும், உன் ட்ரம்ஸே உனக்கு சப்பையா கேக்கும். உடனே மானிட்டர, அதான் உன் பக்கம் திருப்பி வெச்ச ஸ்பீக்கர, ஏத்துங்கன்னு கைய காட்டத் தோணும். சவுண்ட் செக்கும் பெருசா கிடைக்காது, ஒவ்வொரு மைக்கும் வருதான்னு மட்டும் பாக்குற லைன் செக்தான், அவசரத்துல ஏத்துனத யாரும் எறக்க மாட்டாங்க. கால்ல அடிக்கிற கிக் ட்ரம் சத்தம் பத்தலன்னா ஸ்டூலுக்கு அடியில ஷேக்கர்னு ஒரு அதிர்வுக் கருவி மாட்டச் சொல்லு, ஒடம்புல அதிரும், காதுக்கு வால்யூம் ஏத்த வேண்டாம்.

இன் இயர், அதான் மானிட்டருக்கு பதிலா காதுக்குள்ள மாட்டுற இயர்ஃபோன், போடுற பழக்கம் இருந்தா, வேர்வையில வழுக்கி காத அடச்சிருக்குற சீல் விட்டுரும், அடி சத்தம் (பேஸ்) காணாம போகும், நீ இடுப்புல இருக்குற பேக்க திருகி வால்யூம் ஏத்துவ. அச்சு எடுத்து செஞ்சத போடு. கூட்டத்தோட சத்தம் வேணும்னு ஒரு காத மட்டும் கழட்டாத, கழட்டுன காது மேடை சத்தம் முழுசையும் வாங்கும், இன்னொரு காதுக்கு நீயே ஏத்திருவ, ரெண்டும் போச்சு. கூட்டத்த நோக்கி ஒரு ஆம்பியன்ஸ் மைக் வெச்சு மிக்ஸ்ல தரச் சொல்லு. இன் இயர் இல்லாத நேரத்துல மியூசிஷியன் ப்ளக், 15 டெசிபல் ஃபில்டர். ஃபோம் ப்ளக் சிம்பல முழுங்கிரும், இது எல்லாத்தையும் ஒரே அளவா கொறைக்கும்.

பெரிய ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு சொல்லாத. ஏசி டிசி ராக் பேண்டு பாடகர் பிரையன் ஜான்சன் 2016ல டூருக்கு நடுவுலயே எறங்குனாரு, நிறுத்தலன்னா சுத்தமா கேக்காம போயிடும்னு டாக்டருங்க சொன்னதால. கார் ரேஸ் சத்தத்தையும் அவரு காரணமா சொல்வாரு, ஆனா மேடைய விட்டு எறங்க வேண்டி வந்துச்சுல்ல. நிர்வாணா பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்ச டேவ் குரோல் உன் ஹீரோ, இருவது வருஷமா எதிர்ல பேசுறவங்க உதட்ட பாத்துத்தான் புரிஞ்சுக்கிறேன்னு 2022ல அவரே சொன்னாரு. அத கேட்டப்ப நைட்டு தூக்கமே வரல, உன் முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

பஸ்ல ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிட்டு தூங்காத. அடுத்த ஷோவுக்குள்ள காதுக்கு கொஞ்சம் அமைதி வேணும். காலையில எந்திரிச்சதும் காது அடச்ச மாதிரி இருந்தா அன்னிக்கு சைடு ஸ்டேஜ் பக்கம் போகவே போகாத, யாரு வாசிச்சாலும் சரி.

கடைசி ஷோவுக்கு நான் வரேன். சவுண்ட் டெஸ்க் பக்கத்துல நிப்பேன், ப்ளக் போட்டுட்டு. முடிஞ்சு நீ எந்திரிச்சு ஸ்டிக்க தூக்கும்போது தலைய ஒரு பக்கமா திருப்பி காத காட்டு. நான் பாக்கணும்.

அக்கா