கோல் அடித்தவர் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த ஹாக்கி கட்டுரையைப் படித்தேன். ஹாக்கிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி. ஆனால், பெரிய ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால் போதும், கூட ஆடுபவர்கள் யாராக இருந்தாலும் அணி ஜெயித்துவிடும் என்கிற மாதிரி அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த நினைப்பு எங்கள் கடலூர்ப் பிள்ளைகளை எந்த அளவுக்குப் பிடித்து ஆட்டுகிறது என்று மஞ்சக்குப்பம் மைதானத்தில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

கட்டுரை இந்திய ஹாக்கி வீரர் ஹர்மன்பிரீத் சிங்கை உதாரணம் காட்டியது. அவர் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்தார். வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று நாம் வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. சரி, அந்தக் கோல்கள் எப்படி வந்தன? பெரும்பாலும் பெனால்டி கார்னரில் (கோல் அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு), அல்லது பெனால்டி ஸ்ட்ரோக்கில் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிப்பது). பெனால்டி கார்னரில் ஃபிளிக் அடிப்பவர், அதாவது மட்டையால் பந்தைக் கோலை நோக்கி எறிபவர், பந்தைத் தொடும் மூன்றாவது ஆள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கடைக்கோட்டில் நிற்கும் ஒருவர் பந்தை வேகமாகத் தள்ள வேண்டும். கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே காத்திருப்பவர் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். பந்து வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த பிறகு அடித்தால்தான் கோல் செல்லும். இதற்குள் எதிரணியில் நாலு பேர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். நிறுத்துபவர் மட்டையில் பந்து கொஞ்சம் துள்ளினால் போதும், உலகத்திலேயே சிறந்த ஃபிளிக்கராக இருந்தாலும் அந்த வாய்ப்பு போனது போனதுதான். அதற்கும் முன்னால், யாரோ ஒரு முன்கள வீரர் பந்தோடு வட்டத்துக்குள் புகுந்து, தடுப்பவர் காலில் பட வைத்து அந்த கார்னரை வாங்கிக் கொடுத்திருப்பார். தொலைக்காட்சியில் ஓடும் ஸ்கோரில் இவர்கள் யாரும் இல்லை.

அதே பாரிஸில் நம் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனுடன் காலிறுதி. 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரோடு ஆடினோம். 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். அன்று ஒவ்வொருவரும் இன்னொருவர் இடத்தையும் சேர்த்துக் காத்தார்கள். பின்னால் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் மதிலாக நின்றார். ஆனால் ஜெர்மனியுடனான அரையிறுதியில் தடை காரணமாக ரோஹிதாஸ் ஆட முடியவில்லை. எதிரணியின் பெனால்டி கார்னரில் பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறவர் அவர். உடம்பில் எங்கே அடி விழும் என்று பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை அது. அன்று ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில்தான் வந்தது. 3-2 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஹர்மன்பிரீத் அன்றும் ஆடினார், அன்றும் கோல் அடித்தார். அது மட்டும் போதவில்லை.

முன்கள வீரர் தன்ராஜ் பிள்ளையை விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு மனம் வராது. புனே அருகே கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், அதோடு நான்கு உலகக் கோப்பை ஆடினார். அவர் பந்தோடு ஓடுவதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த நான்கு ஒலிம்பிக்கிலும் ஒரு பதக்கம்கூட இல்லை. 2000 சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து கோல் போட, 1-1 ஆகி வெளியே வந்தோம். அந்த ஒரு கோலைத் தடுக்கும் வேலை தன்ராஜுடையது அல்ல. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அவரால் மைதானத்தின் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. இதே தன்ராஜ் தலைமையில் 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கினோம். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் டை-பிரேக்கர் வரை போனது. அங்கே நம்மைக் காப்பாற்றியவர் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால். இன்று கடலூரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

தியான்சந்தின் காலத்திலும் இப்படித்தான். 1932-ல் அமெரிக்காவை 24-1 என்று இந்தியா நொறுக்கிய ஆட்டத்தில் தியான்சந்த் அடித்தது 8. அவர் தம்பி ரூப் சிங் அடித்தது 10. அண்ணன் பெயர் விருதாகவும் சிலையாகவும் நிற்கிறது, நிற்கட்டும். தம்பியை நாம் மறந்தது எனக்கு வருத்தம். 1952 ஹெல்சிங்கி இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக நம்முடைய 6 கோலில் 5 பல்பீர் சிங் அடித்தவை. அது தனி மனிதனின் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியின் கேப்டன் கே.டி.சிங் பாபு, பந்தை எங்கே, எப்போது கொடுக்க வேண்டும் என்பதில் பெயர் பெற்றவர்.

இன்னொரு ஹாக்கியிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். கனடாவில் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கியில், கோல் அடித்தவரோடு நிற்காமல், அதற்கு முன் பந்துக்குப் பதிலான அந்த வட்டை அனுப்பிக் கொடுத்த இரண்டு பேர் வரை கணக்கில் எழுதுகிறார்கள். அங்கே மிகப் பெரிய பெயர் வெய்ன் கிரெட்ஸ்கி. வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கித் தொடரில் அவர் அடித்த கோல் 894. அடுத்தவர் அடிக்க உதவியது 1,963. கோலையும் உதவியையும் சேர்த்துக் கூட்டினாலும் வேறு எவரும் அந்த 1,963-ஐ எட்டவில்லை. ஆகப் பெரிய நட்சத்திரமே கொடுத்து ஆடியதால்தான் பெரியவர் ஆனார். எட்மன்டன் அணியில் நான்கு முறை அந்தத் தொடரின் ஸ்டான்லி கோப்பையை வென்ற அவரை 1988-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கோப்பை கிடைக்கவே இல்லை. பழைய தோழர்களோ அவர் இல்லாமலேயே 1990-ல் இன்னொரு முறை வென்றார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். என் மகள் பள்ளி அணியில் பெனால்டி கார்னருக்குப் பந்து தள்ளுகிறவள். தந்தை என்கிற முறையில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம். ஆனாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன். செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானத்தில் தண்ணீர் தெளித்த தரையில் பந்து வழுக்கிக்கொண்டு நேராக வரும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் பழகுவது மேடு பள்ளமான கட்டாந்தரையில். தள்ளிய பந்து எந்தக் கல்லில் பட்டு எப்படி எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதை மட்டையை மண்ணோடு மண்ணாகப் படுக்க வைத்து நிறுத்தும் பெண்ணுக்கு விரலெல்லாம் தோல் உரிந்திருக்கும். டர்ஃபில் ஆடும் வெளியூர் அணிகளைவிட எங்களுக்குத்தான் நிறுத்தும் ஆளின் அருமை அதிகம் தெரிய வேண்டும். நடப்பதோ நேர்மாறு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால் எல்லாரும் ஃபார்வர்டு ஆட வேண்டும் என்கிறார்கள், இல்லையென்றால் ஃபிளிக் அடிக்க வேண்டும் என்கிறார்கள். பின்களத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. கோல்கீப்பர் பேடு கட்டுவதற்குப் பயிற்சியாளர் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். சமீபத்தில் நடந்த ஒரு போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் பரிசு கோல் அடித்த பெண்ணுக்குப் போனது. அவள் நன்றாகத்தான் ஆடினாள். மறுநாள் வந்த செய்தியிலும் அவள் பெயர், அவள் படம். அன்று கோல் கோட்டில் நின்று இரண்டு பந்துகளைத் தடுத்த பின்களப் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த வாரம் அவள் பயிற்சியாளரிடம் போய், ‘சார், நான் முன்னால் ஆடுகிறேன்’ என்று கேட்டிருக்கிறாள்.

இதை மாற்ற உங்கள் பத்திரிகையால் முடியும். நம் ஹாக்கியின் அதிகாரபூர்வ ஆட்டத் தாளில் கோல் அடித்தவர், நிமிடம், எந்த வகைக் கோல் என்பவை இருக்கும். கொடுத்தவர் பெயருக்கு அங்கே இடம் இல்லை. ஆனால் நிருபர் எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே. பெனால்டி கார்னர் கோல் என்றால் தள்ளியவர், நிறுத்தியவர், அடித்தவர் என்று மூன்று பெயர்களும் வரட்டும். ஒரு வரிதான் கூடும். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் கேட்டால் நிமிடத்தில் சொல்லிவிடுவார். கடலூர், புதுச்சேரிப் பதிப்புகளில் வரும் பள்ளி, கல்லூரி ஆட்டச் செய்திகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அதிக கோலுக்கு ஒரு பரிசு கொடுக்கிறீர்கள், அதே அளவில் பின்களத்துக்கும் கோல்கீப்பருக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். மாவட்ட அளவிலான அடுத்த பள்ளிப் போட்டிக்கு உங்கள் நிருபர் வருவதாக இருந்தால், இரண்டு அணிகளின் பட்டியலையும் யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்ற விவரத்தோடு முன்கூட்டியே எழுதித் தர பெற்றோர்களாகிய நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.