என் பழைய சாப்பாட்டுக் கணக்கை யாரைக் கேட்டு மாத்துனீங்க?

சப்போர்ட் டீமுக்கு வணக்கம்,

உங்க வெயிட் லாஸ் ப்ரோகிராமுக்கு வருஷ சந்தா கட்டியிருக்கேன், சாப்பிடுறதை எல்லாம் எடை போட்டு ஒழுங்கா ஆப்ல ஏத்திட்டு வர்றேன். போன அப்டேட் வந்ததுல இருந்து நான் கையே வைக்காத பழைய நாளெல்லாம் மாறிப்போச்சு. 1,600 கலோரிக்குள்ள முடிஞ்சு பச்சையா இருந்த நாளெல்லாம் இப்ப சிவப்பா நிக்குது. நான் கற்பனை பண்ணலைங்க, நீங்களே ஞாயித்துக்கிழமை அனுப்புற வார ரிப்போர்ட் மெயில்ல பழைய நம்பர் அப்படியே இருக்கு, அதே வாரத்தை ஆப்ல திறந்தா வேற நம்பர்.

தோண்டிப் பார்த்ததுல புரிஞ்சது இதுதான். டூப்ளிகேட்டை குறைக்கிறோம்னு சொல்லி பச்சை அரிசி என்ட்ரியையும், ஐயோ நான் சொல்றது வேகாத அரிசி, அதையும் வெந்ததையும் ஒரே பேர்ல சேத்துட்டீங்க. வேகாதது 100 கிராமுக்கு சுமார் 360 கலோரி, வெந்தது 100 கிராமுக்கு 130 பக்கம், ஏன்னா அதுல பாதிக்கு மேல தண்ணி. நான் தேர்ந்தெடுத்து போட்டது வெந்தது 200 கிராம், 260 காட்டணும், 720 காட்டுது. சரி, இனிமே போடுறதுக்குத்தான் தப்பா வருதுன்னா கூட பொறுத்துக்கலாம், ஏற்கனவே போட்டு முடிச்சதுக்கும் போய் ஏன் ஒட்டுது? பேங்க் பாஸ்புக்ல போன மாச வரவு செலவை இந்த மாசம் வந்து திருத்துவாங்களா?

பார்கோடு ஸ்கேன் இன்னொரு கூத்து. லேபிள்ல கிலோஜூல்னு (ஆற்றலை அளக்குற இன்னொரு அலகு) இருக்குற நம்பரை யாரோ கலோரி கட்டத்துல அடிச்சு வெச்சிருக்காங்க, 1 கிலோ கலோரிக்கு, அதாவது சாப்பாட்டுக் கணக்குல நாம கலோரின்னு சொல்றதுக்கு, 4.184 கிலோஜூல், அதனால 30 கிராம் பிஸ்கட் 600 கலோரின்னு வருது. 30 கிராம் எண்ணெயை அப்படியே குடிச்சாலே 270 தான் சார். புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9னு பெருக்கிக் கூட்டி, போட்ட நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாக்குற ஒரு சின்ன செக் இருந்தா இது உள்ளயே வந்திருக்காது. யூசர் யார் வேணா என்ட்ரி சேர்க்கலாம்னு விட்டுட்டு சரிபார்த்ததுக்கும் பார்க்காததுக்கும் ஒரே டிக் மார்க் போட்டு வெச்சிருக்கீங்க.

இதுல எனக்கு நிஜமா கோவம் வந்தது கோச் மெசேஜ்ல. மாறிப்போன அந்த நம்பரை வெச்சு "போன மாசம் இலக்கைத் தாண்டிட்டீங்க, கொஞ்சம் கட்டுப்பாடு தேவை"ன்னு ஒரு அட்வைஸ், கூடவே டார்கெட்டை தானாவே 1,200க்கு இறக்கிட்டீங்க. என் எடை வாரத்துக்கு அரை கிலோ கிட்ட குறைஞ்சுட்டு வருது, அந்த கிராஃப் அதே ஆப்ல பக்கத்து டேப்லதான் இருக்கு, நீங்க சொல்ற அளவுக்கு நான் சாப்பிட்டிருந்தா அது எப்படி இறங்கும்? இதைக் கேட்டா சாட்ல இருக்குற பாட் தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்லி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணுது. இந்த மாதிரி மெசேஜை நம்பி ஒருத்தர் நிஜமாவே சாப்பாட்டைக் குறைச்சா அதுக்கு யார் பொறுப்பு? எழுதி வெக்கிறதே பின்னாடி திரும்பிப் பார்த்து எங்க கூடுது எங்க குறையுதுன்னு தெரிஞ்சுக்கத்தான், அந்த பழைய கணக்கே ஆடிட்டு இருந்தா நான் எதைப் பார்க்குறது.

(வாட்ச்ல இருந்து வர்ற நடை கலோரி ரெண்டு தடவை கூடுறது தனிக் கதை, அதை வேற மெயில்ல அனுப்புறேன்.)

எனக்கு வேணும்கிறது, அப்டேட்டுக்கு முன்னாடி இருந்த என் பதிவை அப்படியே திருப்பிக் குடுங்க, ஒரு நாள் பதிவாச்சுன்னா அன்னிக்கு இருந்த நம்பரோட பூட்டி வைங்க, வேகாதது வெந்ததுன்னு பேர்லயே பிரிச்சுப் போடுங்க, டார்கெட்டை என்னைக் கேக்காம மாத்தாதீங்க. இது முடியாதுன்னா மிச்ச மாசத்துக்கான பணத்தை ரீஃபண்ட் பண்ணிட்டு ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்க, அக்கவுண்டை மூடுறதுக்கு முன்னாடி என் மொத்த டேட்டாவையும் சிஎஸ்வி ஃபைலா அனுப்பணும். ரெண்டு ரிப்போர்ட்டோட ஸ்கிரீன்ஷாட்டும் பிஸ்கட் லேபிள் போட்டோவும் இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க சந்தாதாரர்