'ஆர்கானிக் காட்டன்' அட்டையை நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஜவுளிக்கடைகளில் 'ஆர்கானிக் காட்டன்' அட்டை தொங்கும் துணி வாங்குவோர் முதலில் லேபிளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஜி.ஓ.டி.எஸ். (இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகத் தரச்சான்று) முத்திரையில் இரண்டு தரம் உண்டு. 'ஆர்கானிக்' என்றால் இயற்கை வேளாண் இழை குறைந்தது 95 சதவீதம். 'மேட் வித் ஆர்கானிக்' என்றால் 70 போதும். கூடவே சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் அது வெறும் அட்டைதான்.

நூலை எரித்துப் பார்த்தால், காகிதம் எரியும் வாடை வந்து சாம்பல் உதிரும் என்றால் அது பருத்தி. உருகி உருண்டால் பாலியஸ்டர் கலப்பு. ஆனால் பூச்சிமருந்து அடித்த பருத்தியா என்பதை நெருப்பு சொல்லாது. மரக்கூழிலிருந்து ரசாயன முறையில் செய்யும் விஸ்கோஸ் இழையும் பருத்தி போலவே எரியும் ('மூங்கில் துணி' என்று விற்பதில் பெரும்பாலானது அதுதான்).

கைத்தறி முத்திரை நெசவுக்கு மட்டுமே உறுதி தருகிறது, பருத்தி விளைந்த விதத்துக்கு அல்ல. தென்மாவட்டக் கரிசலில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி நாட்டுப்பருத்தியையும் கேட்டு வாங்கலாம். குட்டை இழை, மெல்லிய நூல் வராது, துணி சற்று முரடாக இருக்கும். துண்டுக்கும் போர்வைக்கும் தாராளம்.

கடைக்காரர்கள் பில்லிலேயே உரிம எண்ணை அச்சிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், வடசேரி